பிஎல்சி எந்த பிராண்டு எடுப்பது? மெஷின் நின்றுபோகும் இரவிலிருந்து யோசியுங்கள்

கேள்வி: அட்டைப்பெட்டி பேக்கிங் மெஷின் கட்டித் தருகிறேன், வருடத்துக்கு எட்டு பத்து. இதுவரை மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யூ பிஎல்சி (மெஷினை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) போட்டுத்தான் ஓட்டினோம். எங்களிடம் ஒரே ஒரு புரோகிராமர். அதற்குப் புரோகிராம் எழுதும் ஜிஎக்ஸ் ஒர்க்ஸ்2 சாஃப்ட்வேர் அவருக்கு அத்துப்படி. புது மாடலுக்கு 36 இன்புட், 24 அவுட்புட், இரண்டு சர்வோ (நிலையைத் துல்லியமாகப் பிடிக்கும் மோட்டார்), பசை சூடாக்கும் ஹீட்டருக்கு டெம்பரேச்சர் கன்ட்ரோல், ஒரு டச் ஸ்கிரீன் வேண்டும். சீமென்ஸ் எஸ்7-1200, மிட்சுபிஷி எஃப்எக்ஸ்5யூ, டெல்டா ஏஎஸ் என்று மூன்று கோட்டேஷன் வந்திருக்கிறது. ஒரு நண்பர் சீமென்ஸ்தான் தரம் என்கிறார், இன்னொருவர் எல்லாம் ஒன்றுதான் என்கிறார். எதை எடுப்பது?

பதில்: இரண்டாவது நண்பர் சொல்வதில் பாதி உண்மை. இன்புட்டும் அவுட்புட்டும் சேர்த்து 60 பாயின்ட் உள்ள மெஷினை இந்த மூன்றும் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு இத்தனை நானோசெகண்ட் என்று கேட்டலாக்கில் பெருமையாகப் போட்டிருப்பார்களே, அதைப் பார்த்து மயங்க வேண்டாம். சென்சார் சிக்னல் உள்ளே நுழையும் இடத்திலேயே, பொய் சிக்னலைத் தள்ளச் சற்றுக் காத்திருக்கும் ஒரு ஃபில்டர் இருக்கிறது. வாங்கி வரும்போது எஸ்7-1200-ல் அது 6.4 மில்லிசெகண்டில் இருக்கும், எஃப்எக்ஸ்5யூ-வில் 10 மில்லிசெகண்டில். அதைத் தாண்டி வந்த சிக்னல் வால்வைத் திறந்து, சிலிண்டர் அசைவதற்குள் இன்னும் சில பத்து மில்லிசெகண்ட் ஓடிவிடும். நடுவில் பிஎல்சி மிச்சம் பிடித்த மைக்ரோசெகண்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

முதல் நண்பரின் 'தரம்' எந்த அர்த்தத்தில் என்று தெரியவில்லை. நல்ல பேனலில், சரியான எர்த்திங்கோடு, 24 வோல்ட் சப்ளை நிலையாக இருந்தால் மூன்று பெட்டியும் வருடக்கணக்கில் ஓடும். என் அனுபவத்தில் பிஎல்சி செத்து மெஷின் நின்றது குறைவு. சென்சார் கேபிள் அறுந்தது, டெர்மினல் லூசானது, வால்வு காயில் எரிந்தது, இவைதான் அதிகம். அப்படி மெஷின் நின்ற இரவில் பிஎல்சி-யைத் திறந்து பார்த்து 'இன்ன சென்சார் வரவில்லை' என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார், அவரிடம் என்ன சாஃப்ட்வேர் இருக்கிறது, ஸ்பேர் எவ்வளவு நேரத்தில் வரும்? பிராண்டுக்குப் பிராண்டு உண்மையான வித்தியாசம் இங்கேதான்.

இது புதிய ஞானம் ஒன்றும் இல்லை. பிஎல்சி பிறந்ததே இதற்காகத்தான். 1968-ல் ஜெனரல் மோட்டார்ஸின் டிரான்ஸ்மிஷன் பிரிவு கேட்டது ரிலே (மின்காந்த சுவிட்ச்) பேனலுக்கு ஒரு மாற்று. தொழிற்சாலையிலேயே எளிதாக மாற்றி எழுதவும் பழுது பார்க்கவும் முடிய வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கு டிக் மார்லியின் குழு செய்து கொடுத்ததுதான் மோடிகான் 084. அந்தக் குழுவின் கம்பெனிக்கு அது 84-வது புராஜெக்ட் என்பதால் அந்தப் பெயர். பிஎல்சி-க்கு எழுதும் லேடர் என்ற மொழி அப்படிப் படம்போல இருப்பதும், ரிலே சர்க்கியூட் படிக்கத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் அதையும் படிக்க வேண்டும் என்பதால்தான்.

ஆகவே முதலில் உங்கள் வாடிக்கையாளர்களுக்குப் போன் போடுங்கள். அவர்கள் ஆலையில் ஏற்கெனவே எந்த பிராண்டு ஓடுகிறது, மெயின்டனன்ஸ் லேப்டாப்பில் என்ன சாஃப்ட்வேர் இருக்கிறது என்று கேளுங்கள். ஐரோப்பியக் கம்பெனிகளின் ஆலைகளில் சீமென்ஸ், வட அமெரிக்காவில் ராக்வெல்லின் ஆலன் பிராட்லி, ஜப்பானியத் தொடர்புள்ள ஆலைகளில் மிட்சுபிஷி அல்லது ஓம்ரான் என்பது பொதுவான பழக்கம். பெரிய ஆலை என்றால் ஆர்டரிலேயே பிராண்டை எழுதிவிடுவார்கள். அப்போது உங்கள் விருப்பத்துக்கு வேலையே இல்லை, எழுதியதைப் போட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்தது சாஃப்ட்வேர். கோட்டேஷனில் கண்ணுக்குத் தெரியாத செலவு இதுதான். டெல்டாவின் ஐஎஸ்பிசாஃப்ட் இலவசம். எஸ்7-1200-க்கு டிஐஏ போர்ட்டலின் ஸ்டெப்7 பேசிக் லைசென்ஸ் வாங்க வேண்டும். நாளை எஸ்7-1500 என்ற பெரிய மாடலுக்குப் போனால் புரொஃபஷனல் வேண்டும். மிட்சுபிஷியின் ஜிஎக்ஸ் ஒர்க்ஸ்3-உம் காசுக்குத்தான். உங்களுக்கு இது ஒரு தடவைச் செலவு, தாங்கிவிடுவீர்கள். ஆனால் மெஷினை வாங்குகிற சின்ன ஆலைக்காரர் ஒரு பழுது பார்க்க லைசென்ஸ் வாங்குவாரா? வாங்க மாட்டார், உங்களைத்தான் கூப்பிடுவார். அந்தப் பயணச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

டிஐஏ போர்ட்டலில் இன்னொரு சங்கதி. புதிய வெர்ஷனில் திறந்து மாற்றிக்கொண்ட புராஜெக்டைப் பழைய வெர்ஷனில் மறுபடி திறக்க முடியாது. வாடிக்கையாளரிடம் பழைய வெர்ஷன், உங்களிடம் புதியது என்றால் அங்கே ஒரு தகராறு காத்திருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் ஒவ்வொரு வெர்ஷனையும் தனித்தனி வெர்ச்சுவல் மெஷினில் போட்டு, எந்த மெஷினுக்கு எது என்று குறித்து வைத்திருப்பார்கள். அலுப்பான வேலைதான், ஆனால் காப்பாற்றும்.

உங்கள் புரோகிராமர் விஷயத்துக்கு வருவோம். எஃப்எக்ஸ்5யூ-வுக்கு ஜிஎக்ஸ் ஒர்க்ஸ்2 உதவாது, ஒர்க்ஸ்3 வேண்டும். எஃப்எக்ஸ்3யூ புராஜெக்டை அதில் மாற்றித் திறக்கலாம். எம்8000 என்று எழுதிப் பழகிய விசேஷ முகவரி எஸ்எம்8000 ஆகும். லாஜிக் பெரும்பாலும் அப்படியே வந்துவிடும். பொசிஷனிங், ஹை ஸ்பீடு கவுண்டர் பகுதிகளை மட்டும் கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும். சீமென்ஸுக்குப் போனால் சிந்திக்கும் விதமே மாறும். மெமரி இடங்களை டி100, டி200 என்று நம்பர் போட்டு எழுதியவர் டேட்டா பிளாக், ஃபங்ஷன் பிளாக் என்று தொகுதி தொகுதியாக யோசிக்க வேண்டும். அது நல்ல பழக்கம்தான், கெட்டிக்காரர் என்றால் சில மாதங்களில் பிடித்துக்கொள்வார். ஆனால் டெலிவரி தேதியைத் தலைக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டு அதைப் பழகக் கூடாது.

'எல்லாம் ஐஇசி 61131-3 தரம்தானே, ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் போட்டுக்கொள்ளலாம்' என்று விற்பனையாளர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். 1993-ல் முதலில் வந்த அந்தத் தரம் மொழிகளைத்தான் வரையறுக்கிறது. ஹார்டுவேர் கான்ஃபிகரேஷன், சர்வோ லைப்ரரி, கம்யூனிகேஷன் எல்லாம் அவரவர் வழி. இடம் மாறுவது உங்கள் புரோகிராமரின் யோசனை மட்டும்தான். மீதியை மறுபடி எழுதத்தான் வேண்டும்.

இப்போது சர்வோ. வாங்கிய பிறகு பலர் முழிப்பது இங்கேதான், கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சர்வோவைப் பல்ஸ் (ஒவ்வொன்றுக்கும் மோட்டார் சிறிது நகரும் மின்துடிப்பு) கொடுத்தும் ஓட்டலாம், நெட்வொர்க்கிலும் ஓட்டலாம். எஃப்எக்ஸ்5யூ-வில் நான்கு ஆக்சிஸ், அதாவது நான்கு மோட்டாருக்கு, 200 கிலோஹெர்ட்ஸ் வரை பல்ஸ் உள்ளேயே இருக்கிறது. எஸ்7-1200 வரிசையின் எஸ்7-1214சி-யிலும் நான்கு வரை, சிபியு-விலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ். மோட்டார் ஒரு சுற்றுக்கு 10,000 பல்ஸ் என்று செட் செய்திருந்தால், 3,000 ஆர்பிஎம்-க்கு, அதாவது நொடிக்கு 50 சுற்றுக்கு, 500 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். இரண்டாலும் முடியாது. 200 கிலோஹெர்ட்ஸில் மோட்டார் 1,200 ஆர்பிஎம்-இல் நின்றுவிடும், 100-ல் 600. உடனே பிஎல்சி-யைத் திட்டி விலை கூடியதை வாங்க வேண்டாம். மோட்டாரை ஓட்டும் டிரைவில் எலெக்ட்ரானிக் கியர் என்ற செட்டிங்கை மாற்றிச் சுற்றுக்கு 2,000 பல்ஸ் ஆக்குங்கள். 100 கிலோஹெர்ட்ஸிலேயே 3,000 ஆர்பிஎம் கிடைத்துவிடும். பால்ஸ்குரூவின் (சுழற்சியை நேர் நகர்வாக்கும் திருகு) பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு நகரும் தூரம், 10 மில்லிமீட்டர் என்றால் ஒரு பல்ஸுக்கு 0.005 மில்லிமீட்டர். அட்டைப்பெட்டிக்கு இது தாராளம்.

இரண்டு சர்வோவும் ஒன்றோடொன்று தாளம் தப்பாமல் ஓட வேண்டுமா, எலெக்ட்ரானிக் கேம் மாதிரி? அப்படியானால் பல்ஸை மறந்துவிடுங்கள். ஈதர்கேட் என்ற வேகமான நெட்வொர்க் உள்ள ஓம்ரான் என்எக்ஸ்1பி2 அல்லது பெக்காஃப் போன்றவற்றையும் விலை கேட்கலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஒன்று பெட்டியை நகர்த்த, ஒன்று அமுக்க என்றுதான் தோன்றுகிறது, பல்ஸ் போதும். எந்த பிராண்டு எடுத்தாலும் பிஎல்சி-யும் சர்வோவும் ஒரே கம்பெனியாக இருந்தால் நல்லது. தொழில்நுட்பக் காரணம் இருக்கிறதோ இல்லையோ, சிக்கல் வரும்போது 'அது அவர்கள் டிரைவ் பிரச்சினை' என்று ஒருவரை ஒருவர் கைகாட்ட முடியாது.

ஆர்டர் போடுவதற்கு முன் மாடல் எண்ணின் வாலைப் பாருங்கள். எஃப்எக்ஸ்5யூ-வில் 'எம்டி/இஎஸ்' என்று முடிந்தால் சிங்க் அவுட்புட் (மைனஸ் பக்கம் இணைப்பது), 'எம்டி/இஎஸ்எஸ்' என்றால் சோர்ஸ் (பிளஸ் கொடுப்பது). எஸ்7-1214சி டிசி/டிசி/டிசி-யின் டிரான்சிஸ்டர் அவுட்புட் சோர்ஸ். இன்புட் பக்கம் இரண்டிலும் எப்படி வேண்டுமானாலும் வயரிங் செய்யலாம், அதனால் உங்களிடம் என்பிஎன் சென்சார்கள் (மைனஸ் பக்கம் இணைப்பவை) இருந்தாலும் வீணாகாது. ஆனால் சிங்க் அவுட்புட்டுக்கு வரைந்த பழைய பேனல் டிராயிங்கை அப்படியே எடுத்துக்கொண்டு சோர்ஸ் மாடலை வாங்கினால் வால்வு மேனிஃபோல்டின் காமன் (பொது ஒயர்) முதல் எல்லாம் தலைகீழாகும்.

ரிலே அவுட்புட் மாடல் வேண்டாம். பல்ஸ் வராது என்பது ஒரு காரணம். ஹீட்டர் இன்னொன்று. பிஐடி (வெப்பநிலையைச் சீராகப் பிடிக்கும் கணக்கு) இரண்டு நொடிக்கு ஒரு தடவை அவுட்புட்டை ஆன் செய்தால் ஒரு நாளைக்கு 43,200 தடவை. முழு லோடில் ரிலே கான்டாக்டின் ஆயுள் சுமார் ஒரு லட்சம் தடவை. மூன்றாம் நாள் கதை முடியும். டிரான்சிஸ்டர் அவுட்புட்டில் ஒரு எஸ்எஸ்ஆர் (அசையும் கான்டாக்ட் இல்லாத ரிலே) போட்டுவிடுங்கள். பிஐடி மூன்று பிராண்டிலும் இருக்கிறது. டெம்பரேச்சர் டிரான்ஸ்மிட்டர் 4-20 மில்லிஆம்ப் கொடுத்தால் மட்டும் கவனம்: எஸ்7-1214சி-யிலும் எஃப்எக்ஸ்5யூ-விலும் உள்ளேயே இருக்கும் அனலாக் இன்புட் 0-10 வோல்ட்தான். 500 ஓம் ரெசிஸ்டர் வைத்து அதை வோல்ட்டாக்கிச் சமாளிப்பவர்கள் உண்டு. நான் மில்லிஆம்ப் வாங்கும் மாட்யூலே வாங்குவேன்.

கம்யூனிகேஷன் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1979-ல் வந்த மோட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறை இன்னும் எல்லாருக்கும் பொதுமொழி, மூன்று பிராண்டும் பேசும்.

எத்தனை வருடம் கிடைக்கும் என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். எல்லா பிராண்டிலும் மாடல் ஓய்வு பெறும். சீமென்ஸ் எஸ்7-300-ஐ 2023 அக்டோபரில் விற்பனையிலிருந்து விலக்கத் தொடங்கியது, ஸ்பேர் 2033 வரை என்றது. அப்படி முன்கூட்டிச் சொல்லிவிட்டு விலகுவதும் ஒரு தரம்தான். எஸ்7-1200-இலும் இப்போது ஜி2 என்ற புதிய தலைமுறை வந்திருக்கிறது. கோட்டேஷனில் இருப்பது எது, மாட்யூல்கள் அதற்குரியவையா, உங்கள் டிஐஏ வெர்ஷன் அதற்குப் போதுமா என்று கேட்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

பிராண்டோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை ஒரு ஆலையில் பிஎல்சி போய்விட்டது. அதே மாடல் ஸ்பேர் அலமாரியிலேயே இருந்தது. புரோகிராம்தான் இல்லை. கட்டிக் கொடுத்தவர் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டு, பேக்அப்பும் கொடுக்காமல், தொழிலையே மூடிவிட்டுப் போயிருந்தார். வயரிங்கைப் பின்தொடர்ந்து, ஆபரேட்டர் 'முதலில் இது வரும், அப்புறம் அது' என்று கையால் நடித்துக் காட்டியதைக் குறித்துக்கொண்டு, முழு லாஜிக்கையும் புதிதாக எழுதினோம். ஒன்றரை வாரம் மெஷின் சும்மா கிடந்தது. உங்கள் ரகசியத்தைப் பூட்ட வேண்டும் என்றால் ஓரிரு பிளாக்கை மட்டும் பூட்டுங்கள். மற்றதைக் கமென்ட்டோடு வாடிக்கையாளர் கையில் கொடுங்கள்.

சரி, உங்களுக்கு நான் என்ன சொல்வேன்? எஃப்எக்ஸ்5யூ. 80 பாயின்ட் மாடலில் 40 இன்புட், 40 அவுட்புட் இருக்கிறது. உங்கள் எண்ணிக்கை எக்ஸ்டென்ஷன் இல்லாமலே அடங்கிவிடும். எஸ்7-1214சி-யின் 14 இன்புட், 10 அவுட்புட்டுக்கு மேலே மாட்யூல் அடுக்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், உங்கள் ஒரே புரோகிராமரின் கை ஏற்கெனவே அந்தப் பக்கம் பழகியிருக்கிறது. சீமென்ஸ் கேட்கிற வாடிக்கையாளர் ஒருவர் வந்தால் அதை இரண்டாவது பிராண்டாக, அவசரமில்லாத ஒரு மெஷினில் தொடங்குங்கள். டெல்டா எனக்குப் பிடிக்காத பெட்டி இல்லை. சின்ன வாடிக்கையாளர்களே உங்களுக்கு அதிகம், இலவச சாஃப்ட்வேர் அவர்களுக்கு உதவும், ஸ்பேரும் அன்றே கிடைக்கும் என்றால் என் வரிசை மாறும். மூன்றையும் வைத்துக்கொள்வது மட்டும் வேண்டாம். ஒரே ஆள், மூன்று சாஃப்ட்வேர், மூன்று வித ஸ்பேர் என்றால் அவர் ஒரு லீவு எடுக்க முடியாது.

அதற்கு முன் ஒரு சோதனை. மூன்று டீலரிடமும் டெமோ கிட் இரவல் கேளுங்கள். பெட்டியை அமுக்கும் ஸ்டேஷனை மட்டும் ஒவ்வொன்றிலும் எழுதி ஓட்டுங்கள். பிறகு உங்கள் புரோகிராமரை வெளியே அனுப்பிவிட்டு, ஒரு சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த சாஃப்ட்வேரைப் பார்த்தேயிராத உங்கள் சர்வீஸ் பையனிடம் லேப்டாப்பைக் கொடுங்கள். எந்த ஒயர் என்று அவர் கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கோட்டேஷனில் விலைக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.