பச்சைத் தொட்டியில் புழு: ஸ்கார்பரோவிலிருந்து கேட்டவருக்கு

வணக்கம். மீன் கழிவைப் போட்டதும் உணவுக் கழிவுக்கான பச்சைத் தொட்டியில் புழு நெளிகிறது, இனி எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியிலேயே போடப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் ஸ்கார்பரோவும் சேர்ந்த டொராண்டோவில் பச்சைத் தொட்டியை வாரந்தோறும் எடுக்கிறார்கள். குப்பையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான். ஜூலை வெயிலில் மீன் தலை பதினான்கு நாள் கிடந்தால் என்ன ஆகும்?

கோடையில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வந்துவிடும். அதனால் மீன் செதில், குடல், இறைச்சி மிச்சம் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். எடுக்கும் நாளுக்கு முந்தைய இரவு தொட்டிக்கு மாற்றினால் போதும். என் வீட்டில் பல வருடங்களாக இதுதான் வழக்கம், புழுவே கிடையாது. அடியில் பழைய செய்தித்தாளை மடித்துப் போடுங்கள், ஈரத்தை உறிஞ்சும். இப்போது இருக்கும் புழுவுக்கு வெந்நீரும் வினிகரும் போதும்.

குழந்தையின் டயப்பரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டொராண்டோவில் அதுவும் பச்சைத் தொட்டிக்கே. சாதாரண பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடலாம். ஆலையில் பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுத்த பிறகே கழிவை நொதிக்க வைக்கிறார்கள். ஆனால் பிராம்ப்டனில் உறவினர் வீட்டுக்குப் போனால் இதே பழக்கத்தைக் கொண்டுபோகாதீர்கள். பிராம்ப்டன் இருக்கும் பீல் பகுதியில் டயப்பர் குப்பைக்குத்தான் போகவேண்டும், பச்சைத் தொட்டியில் போடும் பையும் மக்கும் பையாக இருக்கவேண்டும்.

மூடியின் திருகுப்பூட்டை மறக்காமல் பூட்டுங்கள். ரக்கூன்கள் மீன் வாசனையை விடவே விடாது.