பழைய கொம்பியை விற்கும்போது எதை எழுத்தில் வைக்க வேண்டும்?

கேள்வி: டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஃபிட்டர் நான். கொம்பி என்று நாங்கள் அழைக்கும் 1987 ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் மைக்ரோபஸ் வேன் ஒன்றை நீண்ட காலமாக வைத்திருக்கிறேன். டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்துக்கும், பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்கும் குடும்பத்தோடு அதில்தான் போய்வந்தோம். பழைய எஞ்சினை எடுத்துவிட்டு 2.6 லிட்டர் ஐந்து சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினேன். பதிவேட்டில் அதை மாற்றவில்லை. சோலார் தகடு, லித்தியம் பேட்டரி, கேஸ் அடுப்பு ஆகியவற்றையும் நானே பொருத்தினேன். அடிப்பாகத்தில் துருப்பிடித்த இடத்தில் தகடு வைத்து வெல்டு செய்து பெயிண்ட் பூசியிருக்கிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள ஒருவர் 185,000 ராண்டுக்குக் கேட்கிறார். பாதியை இப்போதும் மீதியை ஆறு மாதத் தவணையிலும் தருவதாகச் சொல்கிறார். "ஃபுட்ஸ்டூட்ஸ்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் பிறகு எந்தப் பொறுப்பும் இல்லை என்று என் மைத்துனர் சொல்கிறார். அது சரியா? இன்னொன்று: அவர் பின்னாளில் விற்பதாக இருந்தால் முதலில் என்னிடம் கேட்க வேண்டும் என்று எழுதலாமா? இதற்கு முன் இரண்டு பழைய கொம்பிகளைச் சீர்செய்து விற்றிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: அன்புள்ள ஐயா,

உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி சரி. பொருளை உள்ளது உள்ளபடியே விற்கிறேன் என்னும் ஃபுட்ஸ்டூட்ஸ் நிபந்தனையைத் தனிநபர்களுக்கு இடையிலான விற்பனையில் தென்னாப்பிரிக்கப் பொதுச் சட்டம் இன்றும் ஏற்கிறது. அந்த நிபந்தனை இல்லாவிட்டால், விற்பனை நாளில் வண்டியில் மறைந்திருந்த குறைக்கு, அதைப் பற்றி உங்களுக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்திருந்தாலும், நீங்கள் பொறுப்பாவீர்கள். குறை பெரிதென்றால் வாங்கியவர் ஒப்பந்தத்தை முறித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அவ்வளவு பெரிதில்லை என்றால் விலையில் ஒரு பகுதியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். நிபந்தனையை எழுதினால், உங்களுக்குத் தெரியாத குறைகளைப் பொறுத்தவரை இந்தப் பொறுப்பிலிருந்து விடுபடுகிறீர்கள். தெரிந்த குறைகளின் கதை வேறு. 1991 இல் வெளியான வான் டெர் மெர்வெ எதிர் மீட்ஸ் தீர்ப்பில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த விதிப்படி, குறை இருப்பது விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவரை ஏமாற்றும் நோக்கத்துடன் அதை வேண்டுமென்றே மறைத்திருந்தால், ஃபுட்ஸ்டூட்ஸ் என்ற சொல் அவருக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

அந்த அடிப்பாகத்து வெல்டிங்கை இந்த விதியோடு பொருத்திப் பாருங்கள். துரு இருந்தது உங்களுக்குத் தெரியும். தகடு வைத்ததும் பெயிண்ட் பூசியதும் நீங்களே. பாதுகாப்புக்காகத்தான் பூசினீர்கள், மறைக்கவில்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் பின்னொரு நாள் ஒரு பட்டறையில் வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழே பார்க்கும் மெக்கானிக், "இதை யாரோ தெரிந்தே மூடியிருக்கிறார்கள்" என்றுதான் எழுதித் தருவார். நோக்கத்தை நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவருடையதுதான் என்றாலும், சாட்சிக்கூண்டில் நின்று அதற்கு விளக்கம் சொல்லும் நிலைமைக்கு ஏன் போக வேண்டும்? மோசடி என்று நிரூபணமானால் விலையைத் திருப்பிக் கொடுப்பதோடு முடியாது. அந்தக் குறையால் விளைந்த நட்டத்துக்கும் நீங்கள் ஈடு தர வேண்டியிருக்கும்.

ஆகவே என் ஆலோசனையின் மையம் இதுதான்: உங்களைக் காப்பாற்றப்போவது ஃபுட்ஸ்டூட்ஸ் என்ற ஒரு சொல் அன்று, அதற்கு மேலே நீங்கள் எழுதி வைக்கும் குறிப்புகள். ஒப்பந்தத்தோடு ஒரு தனித் தாளை இணையுங்கள். எந்த இடத்தில் துரு இருந்தது, எந்த ஆண்டில் எவ்வளவு நீளத்துக்குத் தகடு வைக்கப்பட்டது, எஞ்சின் எங்கே வாங்கப்பட்டது, மின்கம்பிகளை யார் இழுத்தது, மழையில் எந்த ஜன்னல் ஓரம் கசிகிறது என்பன வரை அதில் இருக்கட்டும். வேலை நடந்தபோது எடுத்த புகைப்படங்கள் இருந்தால் அவற்றையும் சேருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் வாங்குபவர் தம் முதலெழுத்துகளை இட வேண்டும். தெரிந்தே ஏற்றுக்கொண்ட குறையைக் காட்டி எவரும் பிற்பாடு வழக்கிட முடியாது. இவ்வளவையும் எழுதினால் விலை குறைந்துவிடும் என்று நீங்கள் அஞ்சலாம். என் அனுபவத்தில் பழைய கொம்பியைத் தேடி வருபவர்கள் துரு இல்லாத வண்டியை எதிர்பார்ப்பதில்லை. துருவைப் பற்றி உண்மை சொல்பவரைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். விளம்பரத்திலும் வாட்ஸ்அப்பிலும் நீங்கள் புகழ்ந்து சொன்னவையும் உங்களைக் கட்டுப்படுத்தும். ஃபேம் எதிர் பைசெஸ் என்ற 1973 ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, பேச்சுவார்த்தையின்போது பொருளின் தரத்தைக் குறித்து விற்பவர் சொல்லும் முக்கியமான கூற்று, வெறும் புகழ்ச்சியைத் தாண்டியதாக இருந்தால், அது பொய்யென்று தெரிந்தபின் வாங்கியவர் விலைக்குறைப்போ முறிவோ கோரலாம். விற்பவர் அதை நல்லெண்ணத்தோடு சொன்னார் என்பது விடையாகாது. "அருமையான வண்டி, மகாராணி மாதிரி ஓடும்" என்பது புகழ்ச்சி. "எஞ்சின் முழுவதுமாக ரீகண்டிஷன் செய்யப்பட்டது", "ஃபிரிட்ஜ் இரண்டு நாள் பேட்டரியிலேயே ஓடும்", "துரு அறவே இல்லை" என்பவை கூற்றுகள். பேட்டரியைப் பற்றிச் சொல்வதானால் அதன் கொள்ளளவையும் வாங்கிய தேதியையும் சொல்லி நிறுத்துங்கள். எத்தனை நாள் தாங்கும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். "நிபுணர் பொருத்தியது" என்றும் எழுத வேண்டாம். ஏற்கெனவே போட்ட விளம்பரத்தில் அப்படி ஏதேனும் இருந்தால், திருத்தத்தை அந்தத் தனித் தாளிலேயே வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்ன விஷயம், அதாவது முன்பு இரண்டு கொம்பிகளைச் சீர்செய்து விற்றது, எனக்கு அவ்வளவு சிறியதாகத் தோன்றவில்லை. 2011 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள 2008 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தம் சொந்த வண்டியை எப்போதோ ஒருமுறை விற்கும் தனிநபரைத் தொடாது. தொழிலின் வழக்கமான போக்கில் விற்பவரையே தொடும். தொழில் என்பதை அந்தச் சட்டம் தொடர்ச்சியாகப் பொருள்களையோ சேவைகளையோ சந்தைப்படுத்துவது என்று வரையறுக்கிறது. பல ஆண்டு இடைவெளியில் விற்ற மூன்று வண்டிகள் அந்த வரையறைக்குள் வராது என்றே நான் வாதிடுவேன். ஆனால் அந்த இரண்டையும் இலாபத்துக்காகவே வாங்கிச் சீர்செய்து விற்றிருந்தீர்கள் என்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைச் சும்மா விடமாட்டார். சட்டம் பொருந்துமானால் வாங்கியவர் ஆறு மாதங்களுக்குள் குறையுள்ள வண்டியைத் திருப்பித் தரலாம். பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்ற தேர்வும் அவருடையது. பொதுவான ஃபுட்ஸ்டூட்ஸ் நிபந்தனை அங்கே உதவாது. ஆனால் பொருளின் குறிப்பிட்ட நிலையை வாங்குபவருக்கு வெளிப்படையாகத் தெரிவித்து, அவரும் அந்த நிலையிலேயே ஏற்கிறேன் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் அந்த அளவுக்கு விற்பவருக்கு விலக்கு உண்டு என்று அதே சட்டத்தின் 55 ஆம் பிரிவு சொல்கிறது. எந்தச் சட்டம் பொருந்தினாலும் நான் மேலே சொன்ன தனித் தாள்தான் உங்களுக்குத் துணை.

எஞ்சின் விஷயத்தை விற்பனைக்கு முன்பே முடித்துவிடுங்கள். பதிவேட்டில் உள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் வேறுபட்டால், பெயர் மாற்றத்துக்காகப் போகும் இடத்தில் வாங்குபவர் சிக்கிக்கொள்வார், அடுத்த தொலைபேசி அழைப்பு உங்களுக்குத்தான் வரும். புதிய எஞ்சினை வாங்கிய ரசீதையும், அது வந்த வழியைச் சொல்லும் சத்தியக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அது திருட்டுப் பொருள் அல்ல என்னும் போலீஸ் கிளியரன்ஸ் பெற்று, பிறகு பதிவு அலுவலகத்தில் எண்ணை மாற்ற வேண்டும். உள்ளே செய்த மரவேலையாலும் கருவிகளாலும் வண்டியின் வெற்றெடை மாறியிருந்தால் எடைமேடைச் சான்றும் தேவைப்படும். ரசீது இல்லை என்றால் எஞ்சினை விற்ற கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பழைய பொருள் வணிகர்கள் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது 2009 ஆம் ஆண்டுச் சட்டம். தேவையான அரசு ஒப்புதல் இல்லாமையும் ஃபுட்ஸ்டூட்ஸில் அடங்கும் ஒரு மறைவான குறைதான் என்று ஓடண்டால் எதிர் ஃபெராரிஸ் வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008 இல் சொன்னது உண்மை. அது வீடு விற்ற வழக்கு. அங்கும் தெரிந்தே மறைத்தவருக்குச் சலுகை இல்லை. எஞ்சினை மாற்றியது நீங்களே என்பதால் தெரியாது என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேஸ் அடுப்புக்கு, பதிவுபெற்ற கேஸ் தொழில்நுட்பரிடம் சோதனை செய்வித்துச் சான்றிதழ் வாங்குங்கள். 2009 ஆம் ஆண்டு அழுத்தக் கருவி விதிகள் கேஸ் அமைப்பு கைமாறும்போது புதிய சான்றைக் கேட்கின்றன. நீங்கள் கைதேர்ந்த ஃபிட்டர் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் ஒரு குடும்பம் உள்ளே படுத்து உறங்கும் வண்டியில் கேஸ் கசிந்தால் அது விலைக்குறைப்பு வழக்கோடு நிற்காது. சான்றிதழ் வாங்க மனமில்லை என்றால் அடுப்பையும் குழாயையும் கழற்றிவிட்டு விற்பதே மேல்.

சாலைத் தகுதிச் சான்றை யார் பெறுவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அது இல்லாமல் வாங்குபவர் வண்டிக்கு உரிமம் எடுத்துச் சாலையில் ஓட்ட முடியாது.

இனித் தவணை. எனக்கு இது பிடிக்கவில்லை. கடனுக்கு விற்று வண்டியையும் ஒப்படைத்துவிட்டால், வேறு நிபந்தனை இல்லாதபட்சத்தில், பணம் முழுவதும் வருமுன்பே உடைமை உரிமை அவருக்குப் போய்விடும். உங்கள் கையில் எஞ்சுவது கடன் பாக்கி மட்டுமே. முழுத் தொகையும் செலுத்தும் வரை உடைமை விற்பவரிடமே இருக்கும் என்று எழுதினால் இதைத் தடுக்கலாம். அத்துடன், முழுப் பணமும் சேரும் வரை பதிவேட்டில் டைட்டில் ஹோல்டராக, அதாவது உடைமை உரிமையை வைத்திருப்பவராக, நீங்களே இருக்கலாம், வங்கிக்கடனில் வாங்கிய வண்டிகளுக்கு வங்கி இருப்பதைப் போல. ஆனால் மீதித் தொகைக்கு வட்டி கேட்காதீர்கள்; வேறு பெயரில் ஒரு கட்டணத்தைக் கூட்டவும் வேண்டாம். வட்டியோ கட்டணமோ சேர்ந்தால் அது தேசியக் கடன் சட்டத்தின் கீழ் வரும் கடன் ஒப்பந்தமாகிவிடலாம். 2016 நவம்பர் முதல் கடன் தருபவராகப் பதிவு செய்வதற்கான தொகை வரம்பு பூச்சியம். ஒரே ஒரு பரிவர்த்தனை செய்பவருக்கும் பதிவு வேண்டும் என்று டு பிரெய்ன் எதிர் கார்ஸ்டன் வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 இல் தீர்ப்பளித்தது. பதிவில்லாமல் செய்த ஒப்பந்தம் செல்லாது. சில ஆயிரம் ராண்ட் வட்டிக்காக மொத்த ஒப்பந்தத்தையும் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது. அவர் வங்கியில் கடன் வாங்கி உங்களுக்கு முழுத்தொகையையும் ஒரே தடவையில் தருவதுதான் நான் விரும்பும் வழி.

எப்படித் தந்தாலும், பணம் அனுப்பிவிட்டதாக வரும் குறுஞ்செய்தியையோ வங்கி முத்திரையிட்ட தாளையோ நம்பிச் சாவியைக் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கில் தொகை வந்து சேர்ந்து, எடுத்துப் பயன்படுத்தக்கூடியதாக இருப்பதை நீங்களே பார்த்த பிறகு கொடுங்கள். வண்டி விபத்துக்குள்ளானால் யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள்; விலையும் பொருளும் உறுதியாகி நிபந்தனை ஏதும் நிலுவையில் இல்லாத விற்பனையில், ஒப்படைப்புக்கு முன்பே ஆபத்து வாங்குபவர் தலையில் விழும் என்பதே நம் சட்டம். பலருக்கு இது தெரியாததால் பின்னர் சண்டை வருகிறது. "ஒப்படைக்கும் நேரம் வரை விற்பவருடையது, அதன்பின் வாங்குபவருடையது" என்ற ஒரு வரி போதும். ஒப்படைத்த அன்றே பெயர் மாற்ற அறிவிப்புப் படிவத்தை நிரப்பி, வாங்குபவரின் அடையாள அட்டை நகலுடன் பதிவு அலுவலகத்தில் கொடுத்து முத்திரையிட்ட பிரதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். அவர் 21 நாளுக்குள் தம் பெயரில் பதிய வேண்டும். பதியவில்லை என்றால் வரும் அபராதச் சீட்டுகள் உங்கள் முகவரிக்குத்தான் வரும், அப்போது அந்தப் பிரதிதான் பேசும்.

மீண்டும் விற்கும்போது முதலில் உங்களிடம் கேட்க வேண்டும் என்ற விருப்பத்தை ஒப்பந்தத்தில் எழுதலாம். முன்வாங்கு உரிமை என்று அதைச் சொல்வோம், அது செல்லும். ஆனால் இது உங்கள் இருவருக்கும் இடையிலான உரிமை. வண்டியோடு ஒட்டிக்கொண்டு போகும் உரிமை அன்று. ஒன்றும் அறியாத மூன்றாமவருக்கு அவர் விற்றுவிட்டால் நீங்கள் வண்டியைப் பெற முடியாது, அவரிடம் நட்டஈடு கேட்கலாம் அவ்வளவே. எத்தனை ஆண்டுக்கு இந்த உரிமை, எந்த விலையில் கேட்க வேண்டும், எத்தனை நாளில் நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள், வேறொருவர் உண்மையாகக் கொடுக்க முன்வந்த விலை, பதிலுக்குப் பதினான்கு நாள் என்று வைத்தால் நியாயமாக இருக்கும். நிறத்தை மாற்றக் கூடாது, திரைச்சீலையை எடுக்கக் கூடாது என்று நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் குறித்திருந்த நிபந்தனைகளை மட்டும் விட்டுவிடுங்கள். அவற்றைக் காட்டி எந்த நீதிபதி முன்னும் நான் வாதாட விரும்பவில்லை.