பழைய ரிமோட் காரின் பின்பக்க ஆட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மாமா 1980களில் டர்பனில் ஓட்டிய அசோசியேட்டட் ஆர்சி10 ரிமோட் கார் இப்போது என்னிடம் இருக்கிறது. ஐசிபிங்கோ கடற்கரை மணலில் நிறைய ஓடிய வண்டி. பின்சக்கரங்கள் இரண்டும் விரலால் தொட்டாலே ஆடுகின்றன. சக்கரங்களைத் தாங்கி ஏறி இறங்கும் கைகளின் கீல் கம்பிகளை மாற்றியும் ஆட்டம் பாதிதான் குறைந்தது. அந்தக் கைகளை, அதாவது பின்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம்களைச் சரிசெய்ய முடியுமா?
– வாசகர், சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: முடியும். ஆனால் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் ஆர்மில் கை வைக்காதீர்கள். ஆர்மை இறுகப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை அசைக்கும்போது ஆடினால், தேய்ந்திருப்பது பேரிங்கோ சக்கரத்துப் பக்கமுள்ள வெளிக் கம்பியோதான். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸைப் பிடித்துக்கொண்டு ஆர்மை அசைக்கும்போது ஆடினால் மட்டுமே, சேசிஸ் பக்கத்துக் கம்பி நுழையும் உள்துளையைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, நீங்கள் புதிதாகப் போட்ட கம்பியை அளந்து பாருங்கள். இது அமெரிக்க வண்டி. அளவுகள் அங்குலத்தில் அமைந்தவை. பழைய கம்பியின் தேயாத பகுதியில் வெர்னியர் அளவுகோல் 3.17 மி.மீ. என்று காட்டினால் அது 1/8 அங்குலக் கம்பி. அந்த இடத்தில் ஜப்பானிய வண்டிகளுக்கான 3 மி.மீ. கம்பியைப் போட்டிருந்தால், ஆட்டத்தை நீங்களே காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள் என்று பொருள்.

ஆர்மின் நைலான் மென்மையானது, கம்பியின் எஃகு கடினமானது. ஆகவே நைலான்தான் முதலில் தேயும் என்று பலரும் நினைக்கிறார்கள். கடற்கரையில் ஓடிய வண்டியில் பெரும்பாலும் நேர்மாறாகவே நடக்கிறது. மணல் துகள்கள் நைலானுக்குள் புதைந்து நின்றுகொண்டு, அரம் போலக் கம்பியை அராவுகின்றன. துளையைச் சோப்புநீரும் சிறு பிரஷும் கொண்டு சுத்தம் செய்யாமல் புதுக் கம்பியைச் செருகினால், அதுவும் சீக்கிரமே பழையதாகிவிடும். துளைக்குள் எண்ணெய் விடுவதையும் தவிர்க்க வேண்டும். எண்ணெய் மணலை அழைத்து உட்காரவைக்கும்.

துளை முழு நீளத்துக்கும் தேய்வதில்லை. இரு வாய்களும்தான் புனல்போல விரிகின்றன. இரு வாய்களுக்கும் இடையே 40 மி.மீ. இருந்து, ஒவ்வொன்றிலும் 0.2 மி.மீ. இடைவெளி இருந்தால், சக்கரத்தின் திசை அரை டிகிரிக்கும் மேலே தானாக மாறிக்கொண்டிருக்கும். ஆகவே வாய்களுக்கு மட்டும் 6 முதல் 8 மி.மீ. நீளத்தில் பித்தளைப் புஷ் (துளைக்குள் இறுக்கிப் பொருத்தும் சிறு குழாய்) போட்டால் போதும். 1/8 அங்குலக் கம்பிக்கு, சுவர் மெல்லியதாக உள்ள 5/32 அங்குலப் பித்தளைக் குழாய் பொருந்தும். அதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 3.97 மி.மீ. நைலானில் போட்ட துளை சற்றே சுருங்கிக்கொள்ளும் என்பதால், மெதுவாகச் சுழலும் டிரில்லில் 3.9 மி.மீ. அளவில் தொடங்கி, குழாய் இறுக்கமாக ஏறும்வரை சிறிது சிறிதாகப் பெரிதாக்குங்கள். ஆர்மைத் திருப்பிப் போட்டுத் துளைத்தால் இரு வாய்களும் ஒரே கோட்டில் நிற்காது. நீளமான டிரில் பிட்டால் ஒரே பக்கத்திலிருந்து, பழைய துளையின் வழியாகவே செல்லுங்கள். புஷ்ஷைச் சுற்றி ஒரு மி.மீ. நைலான்கூட மிஞ்சாது என்று தெரிந்தால் இந்த வேலையே வேண்டாம். பசையை நம்பாதீர்கள், நைலானில் எந்தப் பசையும் உறுதியாகப் பிடிப்பதில்லை. குழாயின் வெளிப்பரப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி அழுத்தி ஏற்றுவதே சரி.

இதற்கெல்லாம் முன்பாக ஆர்ம்களை அரை மணி நேரம் கொதிநீரில் போட்டு ஆறவிடுங்கள். நைலான் நீரை உறிஞ்சி, எளிதில் உடையாமல் வளையும் தன்மை பெறும். கொஞ்சம் உப்பவும் செய்யும். துளைத்த பிறகு கொதிக்கவைத்தால் அளவு மாறிவிடும். டர்பனின் ஈரக்காற்றில் இது அவ்வளவு அவசரமில்லை; வறண்ட ஜோகன்னஸ்பர்க்கில் பெட்டிக்குள் கிடந்த வண்டியானால் கட்டாயம் செய்ய வேண்டும். பாத்திரம் மட்டும் சமையலறையிலிருந்து வர வேண்டாம்.

ஆர்மில் வெண்ணிறக் கீறல் தெரிந்தால் அதைக் காட்சிக்கு வைத்துவிட்டு வேறு தேடுங்கள். 2013இல் ஆர்சி10 கிளாசிக் என்று இந்த வண்டி மீண்டும் வந்ததால், தேடுவதற்கு இடமிருக்கிறது.

கேள்வி: என் டமியா ஹார்னெட் ரிமோட் காருக்கும் இதே புஷ் முறை பொருந்துமா?
– வாசகர், டோங்காட், தென்னாப்பிரிக்கா

பதில்: ஹார்னெட்டில் பின்பக்க ஆர்மே கிடையாது, கியர்பெட்டி முழுவதும் அச்சோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. அதன் முன்முனை சேசிஸோடு இணையும் இடத்தையும், சக்கரப் பேரிங்கையும் பாருங்கள். பேரிங்குக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் புஷ் இருந்தால், அதை மாற்றியதுமே பெரும்பகுதி ஆட்டம் நின்றுவிடும்.