வாசகர் கேள்வி பதில்: மிளகு மணக்கும் வெள்ளை ஒயின்

கேள்வி: வியன்னாவில் வேலை பார்க்கும் தம்பி விடுமுறைக்கு வந்தபோது ஒரு வெள்ளை ஒயின் கொண்டுவந்தான். லேபிளில் 'க்ரூனர் வெல்ட்லினர், வாஹாவ்' என்று இருந்தது. ஒரு வாய் குடித்ததும் மிளகு வாசம். மிளகு கலக்கிறார்களா என்ன? (வாசகர், கோவை)

பதில்: ஒரு மிளகுகூடக் கலப்பதில்லை. மிளகுக்கு அந்த வாசத்தைத் தருகிற ரோட்டண்டோன் என்ற பொருள் க்ரூனர் வெல்ட்லினர் என்ற இந்தத் திராட்சையிலும் இயல்பாகவே இருக்கிறது, துளியூண்டு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். வெயில் ஓயாமல் கொளுத்தினால் அது குறையும், குளிர்ச்சி இருந்தால் நிற்கும். வாஹாவ் அதற்கு வாகான இடம். ஆஸ்திரியாவில் மெல்க், கிரெம்ஸ் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே டான்யூப் ஆறு ஓடுகிற, முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளமுள்ள பள்ளத்தாக்கு அது. கிழக்கே ஹங்கேரிச் சமவெளிப் பக்கமிருந்து வெதுவெதுப்பான காற்று வந்து பழத்தைப் பழுக்க வைக்கும், ராத்திரியானால் வடக்கே வால்ட்ஃபியர்டல் மேட்டுக் காடுகளிலிருந்து குளிர்காற்று இறங்கிவிடும். பழம் நன்றாகப் பழுத்தும் புளிப்பு போகாமல் இருப்பது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே நல்ல தோட்டங்கள் பலவும் செங்குத்தான சரிவில் இருக்கின்றன. சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, அதற்குள் மண்ணை நிறுத்தி, தட்டுத் தட்டாகக் கொடி வளர்க்கிறார்கள். சாந்து இல்லாததால் மழைநீர் கல்லிடுக்கு வழியாக வடிந்துவிடும், சுவர் மண்ணோடு எளிதில் சரியாது. பகலில் கல் வாங்கிய சூடு பொழுது சாய்ந்த பிறகும் கொடிக்குக் கிடைக்கும். இயந்திரம் ஏற முடியாத இடம், அறுவடை முழுக்கக் கையால்தான். சுவர் எங்காவது சரிந்தால் மறுபடி ஒவ்வொரு கல்லாக எடுத்து அடுக்க வேண்டும். பாட்டில் விலையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் அந்தச் சுவர்களை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். 2000இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: லேபிளில் ஃபெடர்ஷ்பீல், ஸ்மராக்ட் என்றெல்லாம் போடுகிறார்களே, எதை வாங்குவது? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: அது வாஹாவ் விவசாயிகளின் வினேயா வாஹாவ் சங்கம் வகுத்த தரப்பிரிவு. ஆல்கஹால் 11.5 சதவீதம் வரை என்றால் ஷ்டைன்ஃபெடர், அதற்கு மேல் 12.5 வரை ஃபெடர்ஷ்பீல், அதையும் தாண்டினால் ஸ்மராக்ட். கடைசியாகச் சொன்னது, வெயில் காய அந்தக் கற்சுவர்களில் வந்து படுக்கும் பச்சைப் பல்லியின் பெயர். ஸ்மராக்ட் கனமானது, சில வருஷம் வைத்திருந்து குடித்தால் இன்னும் நன்றாக இருக்கும், விலையும் அதிகம். முதன்முதலாக வாங்குகிறவர்கள் ஃபெடர்ஷ்பீல் வாங்குங்கள் என்பேன். மிளகும் எலுமிச்சைப் புளிப்பும் அதில்தான் பளிச்சென்று தெரியும், வறுத்த மீனோடு பிரமாதமாகச் சேரும். அப்புறம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றாதீர்கள், ரொம்பச் சில்லென்று இருந்தால் வாசமே வராது.

கேள்வி: ஆஸ்திரிய ஒயினில் ரசாயனம் கலந்து மாட்டிக்கொண்டார்களே, நம்பிக் குடிக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: அது 1985. இனிப்பும் கனமும் கூடத் தெரிய வேண்டுமென்று சில வியாபாரிகள் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்தார்கள். ஏற்றுமதி அடியோடு படுத்துவிட்டது, ஒழுங்காக ஒயின் செய்துகொண்டிருந்த குடும்பங்களும் சேர்ந்து அடிபட்டன. அதே வருஷமே மிகக் கடுமையான ஒயின் சட்டம் வந்தது. இன்று தரமான ஆஸ்திரிய ஒயின் என்றால் அரசுப் பரிசோதனை எண் லேபிளிலேயே இருக்கும், மூடியில் சிவப்பு வெள்ளைப் பட்டை இருக்கும். 2002இல் லண்டனில் பெயரை மறைத்து நிபுணர்களுக்கு ஊற்றிக் கொடுத்தபோது, பிரான்சின் பெயர்பெற்ற பர்கண்டி வெள்ளை ஒயின்களை இந்த க்ரூனர்கள் முந்தின. அந்தப் பட்டையும் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பயப்பட ஒன்றுமில்லை.