அடுக்களையில் எத்தனை பாயின்ட்?

அன்புள்ள அக்கா,

எனக்குக் குழித்துறைக்குப் பக்கம். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். துபாயில் இருக்கும் மகன் இந்தத் தடவை ஊருக்கு வந்தபோது, அம்மாவுக்குப் பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கித் தருகிறேன் என்று ஒரே பிடியாக நிற்கிறான். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். தண்ணீரும் கரண்டும் வீண்தானே? பாத்திரம் கழுவுவதும் உடம்புக்கு ஓர் அசைவுதான். எங்கள் அம்மா எழுபது வயது வரைக்கும் அம்மியில் அரைத்தவர், ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை.

நான் புதுமைக்கு எதிரி இல்லை. மகன் தந்த ஸ்மார்ட் வாட்சைக் கட்டிக்கொண்டுதான் காலையில் நடக்கப் போகிறேன். எத்தனை அடி நடந்தேன் என்று அது சொல்லும். போனும் புதிதுதான். ஆனாலும் சந்தைக்கு வருகிற எல்லாவற்றையும் வாங்கத்தான் வேண்டுமா? எது தேவை, எது ஆடம்பரம் என்று எப்படி முடிவு செய்வது? எழுதுங்கள்.

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஓய்வு பெற்றவரைத் தம்பி என்கிறேன். அக்கா என்று ஆரம்பித்தது நீங்கள், அதனால் இனி கொஞ்சம் திட்டும் வாங்கித்தான் ஆகவேண்டும்.

சில்லறை விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். அந்த மெஷின் ஒரு தடவை ஓட பத்து லிட்டரை ஒட்டித் தண்ணீர் போதும். குழாயைத் திறந்து விட்டுக் கழுவினால் அதைவிடக் கூடுதல்தான் போகும். கரண்டு ஏறக்குறைய ஒரு யூனிட். வாட்சைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை, நடக்கிறீர்களே, சந்தோஷம். ஒரே ஒருநாள் அதைக் கழற்றி உங்கள் மனைவியின் கையில் கட்டிவிடுங்கள். அடுக்களைக்கும் கிணற்றடிக்குமாக எத்தனை அடி ஆகிறது என்று அதுவே சொல்லட்டும்.

உங்கள் கடிதம் வருவதற்குச் சில நாள் முன்னால் தக்கலைப் பக்கம் ஒரு வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போயிருந்தேன். அருமையான வீடு. வாயால் சொன்னால் விளக்கு எரிகிறது, சொன்னால் அணைகிறது. எல்லாப் படுக்கையறையிலும் ஏசி. வாசலில் வருகிறவன் முகத்தைத் துபாயில் இருந்தே பார்க்கலாமாம். அடுக்களைக்குப் போனேன். பளபளவென்று கண்ணாடி அலமாரி, கறுப்பு கிரானைட் மேடை, வெந்துபோய் நிற்கிற நாலு பெண்கள். விசிறி இல்லை. ஏன் என்று கேட்டால், அடுப்பு அணைந்துவிடுமாம்.

அடுப்பு அணைந்துவிடும் என்கிற இந்தப் பதிலை நான் சின்ன வயதில் இருந்து கேட்டு வருகிறேன், தம்பி. சுவரில் மாட்டுகிற விசிறி என்று ஒன்று உண்டு. காற்று அடுப்பு மேல் படாமல், காய் நறுக்குகிற இடத்தில், நிற்கிறவர் முதுகில் படுகிற மாதிரி அதைத் திருப்பி வைக்கலாம். மேலே புகையை வெளியே தள்ளுகிற விசிறி ஒன்று போடலாம். விளக்கோடு பேசத் தெரிந்த வீட்டுக்கு ஒரு விசிறியைத் திருப்பி வைக்கத் தெரியவில்லை. முப்பந்தல் காற்றாலைகளில் கணவாய்க் காற்றைப் பிடித்துக் கரண்டாக்கி வெளியே அனுப்புகிற குமரி மாவட்டம் நம்முடையது!

எங்கள் வீட்டுக்குக் கரண்டு வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். வயர்மேன் எங்கெல்லாம் பாயின்ட் வேண்டும் என்று கேட்டார். அப்பா கூடவே நடந்து காட்டினார்: வராந்தா, முன்னறை, படுக்கிற அறை, அப்புறம் தொழுத்து. மாட்டுக்குத் திருட்டுப் பயம் உண்டே! அடுக்களை அந்தக் கணக்கில் வரவில்லை. புகையில் பல்பு கெட்டுப்போகும் என்றார்கள். பசு வெளிச்சத்தில் நின்று அசைபோட்டது. அம்மா மண்ணெண்ணெய்ச் சிமினி வெளிச்சத்தில் மீன்முள் பார்த்தாள். கடைசியில் எப்போது பல்பு வந்தது தெரியுமா? என் அக்கா கல்யாணத்துக்கு வந்த சமையல்காரர், இந்த இருட்டில் என்னால் முடியாது என்று கரண்டியை வைத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் வயர் இழுத்தாகிவிட்டது. அம்மா அத்தனை வருடம் சமைத்த இருட்டு, ஓர் ஆண் ஒருநாள் சமைக்க வந்தபோதுதான் எல்லாருடைய கண்ணுக்கும் இருட்டாகத் தெரிந்தது. அப்பா கெட்டவர் இல்லை. எங்கள் மேல் உயிரையே வைத்திருந்தார். அவருக்கு அந்த அறைக்குள் வேலை இருந்ததில்லை, அவ்வளவுதான்.

இப்போது எழுந்து உங்கள் வீட்டைச் சுற்றி வாருங்கள். இன்வெர்ட்டர் இருக்கும். கரண்டு போனால் எந்தெந்த அறையில் விசிறி ஓடுகிறது? டிவி ஓடுகிறதா? அடுக்களையில் என்ன ஓடுகிறது?

அரசாங்கம் தந்த சாமான்களிலும் இதைப் பார்க்கலாம். 2006இல் இலவசக் கலர் டிவி தொடங்கினார்கள். மிக்ஸியும் கிரைண்டரும் 2011இல்தான் வந்தன. வந்ததே பெரிய காரியம், அதைக் கேலி செய்த ஆண்களை எனக்குத் தெரியும். அவற்றோடு ஒரு மின்விசிறியும் தந்தார்கள். பெண்கள் பெயரில் வந்த அந்த விசிறி எத்தனை வீட்டில் அடுக்களைக்குப் போனது? நான் பார்த்த வீடுகளில் எல்லாம் அது முன்னறையில், நாற்காலியைப் பார்த்தபடி இருந்தது.

உடம்புக்கு அசைவு என்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. குளச்சலிலும் முட்டத்திலும் வள்ளத்துக்கு எஞ்சின் வந்தபோது, துடுப்பு போடுவது தோளுக்கு நல்லது, எஞ்சின் எதற்கு என்று யாராவது கடிதம் எழுதினார்களா? கிணற்றில் பம்புசெட் வந்தபோது தண்ணீர் இறைப்பது நல்ல உடற்பயிற்சி என்று சொன்னார்களா? ஆண் செய்கிற வேலைக்கு மெஷின் வந்தால் அது முன்னேற்றம். பெண் செய்கிற வேலைக்கு வந்தால் மட்டும் ஆரோக்கியம், ருசி, பண்பாடு எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிடும். உங்கள் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை என்கிறீர்கள். அவருக்குத் தோள் வலித்ததா என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா, தம்பி?

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்கிற பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். இதிலும் அந்த வேலையைச் செய்கிற ஆண்களை மட்டும்தான் கணக்கில் எடுத்தார்கள். அப்படிப்பட்டவர்கள் நாலில் ஒருவரை ஒட்டித்தான். மற்ற மூன்று பேர் நடைப்பயிற்சிக்குப் போயிருப்பார்கள்.

நீங்கள் சந்தேகப்படுகிற மெஷின் நேற்று முளைத்ததும் இல்லை. ஜோசபின் காக்ரன் என்ற அமெரிக்கப் பெண் 1886இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் காட்டினார். முதலில் வாங்கியவை ஓட்டல்கள். பாத்திரம் கழுவுகிற ஆளுக்கு அங்கே கூலி கொடுக்க வேண்டும், அதனால் லாபம் உடனே தெரிந்தது. கூலி இல்லாமல் கழுவுகிற இடங்களுக்கு அது போய்ச் சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. நம் நாட்டு மிக்ஸியின் கதை கொஞ்சம் ஆறுதலானது. சத்யபிரகாஷ் மாத்தூர் என்ற என்ஜினியரின் மனைவி வைத்திருந்த வெளிநாட்டு மிக்ஸி நம் அரைப்புக்குத் தாங்காமல் பழுதாகி நின்றது. இதெல்லாம் ஆடம்பரம் என்று மாத்தூர் பிரசங்கம் பண்ணவில்லை. நம் சமையலுக்குத் தாங்குகிற மோட்டாரைச் செய்தார். அதுதான் 1960களில் வந்த சுமீத் மிக்ஸி.

மெஷின் வந்தால் மட்டும் ஓய்வு வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மிக்ஸி வந்ததும் ஒரு சட்னி இரண்டானது. வாஷிங் மெஷின் வந்ததும் ஒரு சட்டையை இரண்டாம் நாள் போட ஆளில்லை. மிச்சமாகிற நேரத்தை நாம்தான் தின்றுவிடுகிறோம்.

தேவையா ஆடம்பரமா என்று கேட்டிருந்தீர்கள். என்னிடம் எதற்குக் கேட்கிறீர்கள்? உங்கள் கடிதத்தில் மகன் சொன்னது இருக்கிறது, அம்மா அரைத்தது இருக்கிறது, நீங்கள் நடந்தது இருக்கிறது. உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்றும் கேளுங்கள். பணம் போகுமே என்பதற்காகச் சொல்கிறாரா என்று பாருங்கள்.

வாங்குவது என்று முடிவானால் சில காரியம். மீன்கறி வைக்கிற மண்சட்டியை அதில் வைக்கக் கூடாது. இரும்புச் சட்டி துருப்பிடிக்கும், அலுமினியம் கறுத்துப்போகும், உருளியின் பளபளப்பு போய்விடும். இவற்றை நீங்கள் கையால் கழுவுங்கள், உடம்புக்கு அசைவு. கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருந்தால் அதற்கென்று விற்கிற உப்பை மறக்காமல் போட வேண்டும். தனியாக 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்று, தண்ணீர் வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். எப்படியும் எலக்ட்ரீஷியன் அடுக்களைக்கு வருவார். கையோடு சுவர் விசிறிக்கும் ஒரு பாயின்ட் போடச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் லைனில் இருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா