சாதாரணத் தொழிலாளர்களின் சம்பளம் வருடக்கணக்கில் ஏறாமல் நிற்கிறது. அரசு உண்மையில் என்ன செய்ய முடியும்?

நிறையவே செய்ய முடியும். ஆனால் முதலில் எந்தச் சம்பளம் நிற்கிறது என்று சரியாக அளக்க வேண்டும். சராசரியை நம்பக் கூடாது. மேலே இருக்கும் சிலருக்குப் பெரிதாக ஏறினாலே அது ஏறிவிடும். 2020 பெருந்தொற்றில் அமெரிக்கா போன்ற நாடுகளில் குறைந்த கூலிக்காரர்களே அதிகம் வேலை இழந்தார்கள். அவர்கள் கணக்கிலேயே இல்லாமல் போனதால் சராசரிச் சம்பளம் உயர்ந்ததுபோலத் தெரிந்தது. பார்க்க வேண்டியது இடைநிலை ஊதியம்: எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் வாங்குவது. அதையும் விலைவாசியோடு ஒப்பிட வேண்டும். சம்பளம் 5 சதவீதமும் விலை 7 சதவீதமும் ஏறினால், அவரால் வாங்க முடிந்தது கிட்டத்தட்ட 2 சதவீதம் சுருங்கிவிட்டது.

குறைந்தபட்சக் கூலி என்றதும் எல்லோரும் தொகையைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள். என் பார்வையில் தொகையைவிட முக்கியம், அது அடுத்த முறை எப்படி உயரும் என்பது. அமெரிக்காவின் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டாலர். அதை உயர்த்த ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும், போடவில்லை. பல மாநிலங்கள் தாமாக உயர்த்திக்கொண்டன, மற்ற இடங்களில் விலைவாசி அந்தத் தொகையை அரித்துக்கொண்டே இருக்கிறது. பிரான்சில் யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் திருத்தம் உண்டு. நடுவில் விலைக்குறியீடு, அதாவது விலைவாசி ஏற்றத்தைக் காட்டும் எண், முந்தைய உயர்விலிருந்து 2 சதவீதம் ஏறினால் தானாகவே ஓர் உயர்வு வரும். அந்தக் குறியீடும் வருமானத்தில் கீழே இருக்கும் 20 சதவீதக் குடும்பங்கள் வாங்கும் பொருள்களை வைத்துக் கணக்கிடப்படுவது. 2022-ல் விலை வேகமாக ஏறியபோது அங்கே ஒரே வருடத்தில் மூன்று முறை கூலி உயர்ந்தது. பிரிட்டனில் வேறு வழி: முதலாளி தரப்பில் மூவர், தொழிற்சங்கத் தரப்பில் மூவர், சார்பற்றவர்கள் மூவர் கொண்ட ஆணையம் வருடாவருடம் பரிந்துரைக்கிறது. இடைநிலை ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்ற இலக்கை வைத்துப் படிப்படியாக ஏறி, 2024-ல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

'கூலியை ஏற்றினால் வேலை போய்விடும்' என்ற பயம் நியாயமானது, ஆனால் எல்லா அளவிலும் உண்மையில்லை. 1992-ல் அமெரிக்க மாநிலமான நியூஜெர்சி மணிக்கு 4.25 டாலராக இருந்த குறைந்தபட்சக் கூலியை 5.05 ஆக்கியபோது, கூலியை உயர்த்தாத பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவோடு துரித உணவுக் கடைகளைப் பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் ஒப்பிட்டார்கள், வேலை குறையவில்லை. ஜெர்மனி 2015-ல் மணிக்கு 8.50 யூரோ குறைந்தபட்சக் கூலி கொண்டுவந்தபோதும் பெரிய இழப்பு வரவில்லை. பலர் சின்ன, குறைந்த சம்பள நிறுவனங்களிலிருந்து பெரிய நிறுவனங்களுக்கு மாறினார்கள். காரணம், தொழிலாளி நினைத்த நேரத்தில் வேறு வேலைக்குப் போக முடியாத இடங்களில் முதலாளி அவர் உழைப்பின் மதிப்புக்குக் குறைவாகவே கொடுத்துவருகிறார். அந்த இடைவெளிக்குள் கூலியை ஏற்றினால் வேலை போகாது, தாண்டினால் போகும். ஊதியம் குறைவான பகுதிகளில் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். நாடு முழுக்க ஒரே தொகை வைக்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

பெரும்பாலான திட்டங்கள் தோற்பது அமலாக்கத்தில்தான். மணிக்கூலி சட்டப்படி இருக்கும், கணக்கில் மணி குறைந்திருக்கும். சீருடை, தங்குமிடம், கருவி என்று பிடித்தம் போகும். செய்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி தரும் பீஸ் ரேட் வேலையில் ஒரு மணியில் முடிக்கவே முடியாத எண்ணிக்கையை வைப்பார்கள். பிரிட்டனின் விதி இதற்கு நல்ல மாதிரி. தொழிலாளர்கள் சராசரியாக மணிக்கு எத்தனை உருப்படி செய்கிறார்கள் என்று சோதித்து, அதை 1.2-ஆல் வகுத்து, வரும் எண்ணைக் கொண்டு குறைந்தபட்சக் கூலியை வகுக்க வேண்டும். வருவதுதான் ஓர் உருப்படிக்கான கூலி. சராசரி 24 என்றால் 20-ஆல் வகுப்பார்கள். இதனால் கொஞ்சம் மெதுவாகச் செய்பவருக்கும் சட்டக்கூலி கிடைத்துவிடும்.

காண்ட்ராக்டருக்குக் கீழ் காண்ட்ராக்டர் என்று போகும்போது கூலி கடைசி காண்ட்ராக்டரிடம் சிக்கிக்கொள்ளும். ஜெர்மனியில் துணை ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால், வேலையைக் கொடுத்த மேல் நிறுவனத்திடம் தொழிலாளி கேட்கலாம். இந்த ஒரு விதி பல நூறு திடீர்ச் சோதனைகளுக்குச் சமம், ஏனென்றால் மேலே இருப்பவரே கீழே கூலி போனதா என்று பார்க்கத் தொடங்குவார். சோதனைக்கும் ஆள் வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வைத்திருக்கும் அளவு, தொழில்வளம் மிக்க நாடுகளில் 10,000 தொழிலாளர்களுக்கு ஓர் ஆய்வாளர், மிகப் பின்தங்கிய நாடுகளில் 40,000-க்கு ஒருவர். அபராதமும் ஏய்த்த தொகையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பாக்கியை மட்டும் கொடுத்தால் போதும் என்றால், அது முதலாளிக்கு வட்டியில்லாக் கடன்.

இவ்வளவும் அடிமட்டத்துக்குத்தான். அதற்கு மேலே இருக்கும் பத்து, பதினைந்து வருட அனுபவசாலிக்குக் கூட்டு பேரம்தான் வழி: தொழிற்சங்கமும் முதலாளிகளும் பேசிச் சம்பளத்தை ஒப்பந்தமாகப் போடுவது. தொழிற்சங்க உறுப்பினர்கள் அதிகம் இருந்தால்தான் அது நடக்கும் என்பதில்லை. பிரான்சில் பத்தில் ஒருவர்தான் உறுப்பினர். ஆனால் ஒரு துறையில் போட்ட ஒப்பந்தத்தை அரசு அந்தத் துறை முழுவதற்கும் விரிவாக்கிவிடுவதால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அது பொருந்துகிறது. அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. துறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் இழுத்தால் அதிலுள்ள கீழ்நிலைச் சம்பளங்களைக் குறைந்தபட்சச் சட்டக்கூலி தாண்டிப் போய்விடும். அனுபவசாலியும் புதியவரும் ஒரே சம்பளத்தில் நிற்பார்கள். புதுப்பிக்கக் கெடு வைக்காத கூட்டு பேரச் சட்டம் அரைகுறைதான்.

செலவே இல்லாத ஒன்றும் இருக்கிறது: வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற ஒப்பந்த வரியைச் சாதாரணத் தொழிலாளிக்குத் தடைசெய்வது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2008-ல் மணிக்கூலிக்காரர்களுக்கு இதைச் செய்தது. பிறகு வந்த ஆய்வில் அவர்கள் கூலி 2 முதல் 3 சதவீதம் உயர்ந்திருந்தது.

குறைந்த சம்பளக்காரருக்கு அரசே வரி வழியாகத் தொகை சேர்த்துக் கொடுப்பதையும் பலர் முன்வைக்கிறார்கள். அமெரிக்காவில் 1975 முதல் இருக்கிறது, வறுமையை நன்றாகவே குறைக்கிறது. ஆனால் குறைந்தபட்சக் கூலி பலவீனமாக இருக்கும் இடத்தில் இதைத் தனியாகக் கொடுத்தால், முதலாளி சம்பளத்தைக் குறைவாகவே வைத்து அரசுப் பணத்தில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்வார். குறைந்த சம்பளத்துக்கு மட்டும் முதலாளியின் சமூகப் பாதுகாப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தாலும் இதே ஆபத்துதான்: சம்பளத்தை ஏற்றினால் சலுகை போகும் என்பதால் ஏற்றவே மாட்டார்கள். அதனால் இவ்விரண்டையும் நல்ல கூலிச் சட்டத்துக்குப் பிறகே கொண்டுவர வேண்டும், முன்னால் அல்ல.