தம்பி வாசிக்க, அக்கா டிக் போட...

கேள்வி: சட்டக் கல்லூரியில் சேர எல்சாட் (அமெரிக்க, கனடா சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) எழுதப்போகிறேன். ஒரு சின்ன வாதத்தைக் கொடுத்து அதைப் பற்றிக் கேட்கும் லாஜிக்கல் ரீசனிங் பகுதியில் ஐந்து விடைகளில் மூன்றைச் சுலபமாகத் தள்ளிவிடுவேன். மீதி இரண்டில் தவறானதைத்தான் பிடிக்கிறேன். ராத்திரி தம்பி சரியான விடைகளை வாசிப்பான், நான் டிக் போட்டுக்கொண்டே போவேன். அவனுக்கும் இந்த வருடம் பள்ளி இறுதித் தேர்வு. எனக்கு இதற்கான மூளை இல்லையோ? கோச்சிங்கில் சேரலாமா?

பதில்: மூளை இருக்கட்டும். தன் பரீட்சையை வைத்துக்கொண்டு அந்தப் பையன் ஏன் உன் விடைத்தாளை வாசிக்கிறான்? அக்கா கேட்டால் மறுக்க மாட்டான். அதனாலேயே நீ கேட்டிருக்கக் கூடாது. மூத்தவள் தன் சௌகரியத்துக்குச் சின்னவனின் நேரத்தை எடுத்துக்கொள்வதைப் பாசம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உனக்கும் அதில் நஷ்டம்தான். அவன் ‘சி’ என்றதுமே ‘அட, ஆமாம்’ என்று தோன்றிவிடும். ‘பி’யை ஏன் பிடித்தாய் என்பது அதோடு மறந்துபோகும். நாளைக்கு அதே ‘பி’ வேறு வேஷத்தில் வரும், மறுபடி விழுவாய்.

‘தினமும் பயிற்சி செய்த எல்லோரும் தேறினார்கள். மாலா தேறினாள். ஆகவே மாலா தினமும் பயிற்சி செய்தாள்.’ சரி மாதிரி இருக்கிறதல்லவா? பயிற்சி செய்யாதவர்கள் தேறவில்லை என்று அதில் எங்கே இருக்கிறது? அதை நீயாகச் சேர்த்துக்கொண்டாய். கடைசி இரண்டில் உன்னைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இப்படி நீ சேர்த்துக்கொண்டதுதான். வாதம் எந்த அனுமானத்தை நம்பி நிற்கிறது என்று கேள்வியில் கேட்டால், மிஞ்சிய விடை ஒவ்வொன்றையும் எதிர்மறையாக்கிப் பார். வாதம் சரிந்தால் அதுதான் விடை. அசையாமல் நின்றால் தள்ளிவிடு.

ஒரு பகுதிக்கான 35 நிமிடம் முடிந்ததும் விடையைப் பார்க்காதே. சந்தேகப்பட்ட கேள்விகளைக் கடிகாரம் இல்லாமல் மறுபடி போடு. தள்ளிய ஒவ்வொரு விடைக்கும் ஏன் தள்ளினாய் என்று ஒரு வரி எழுது. அப்புறம் நீயே விடையைத் திருப்பிப் பார். பிளைண்ட் ரிவ்யூ என்பார்கள். அலுப்பான வேலைதான், ஆனால் 2024 ஆகஸ்டில் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதியை எடுத்த பிறகு மதிப்பெண் உள்ள மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங்தான். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எதையும் காலியாக விடாதே.

கோச்சிங்கா? ஒரு மாதம் இப்படிச் செய்துவிட்டு, எழுதிய அந்த வரிகளோடு வந்து கேள். தம்பியை இன்று ராத்திரியே அவன் பாடத்தைப் படிக்க அனுப்பு.